ஒழுக்கத்துக்கு யார் காவல்?

வாசகர் கேள்வி, ஆசிரியை பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களை விறாந்தையில் பரப்பி வைத்து வாசித்தேன். முள்ளியவளை, ஒட்டுசுட்டான், துணுக்காய், புதுக்குடியிருப்பு, நெடுங்கேணி, பரந்தன் என்று ஆறு ஊர். எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனால் எல்லோரும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள்: ஒருவரை அவருடைய விருப்பத்துக்கு விடுவதா, நல்ல வழியில் பிடித்து நிறுத்துவதா? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு இந்த ஆறையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முள்ளியவளையிலிருந்து உயர்தர மாணவி ஒருவர்: பழமைவாதிகள் "அரசு தனிமனிதர் வாழ்க்கையில் தலையிடக் கூடாது" என்கிறார்கள். அவர்களே "குடும்பம், சமயம், மரபு, ஒழுக்கம் காக்கப்பட வேண்டும்" என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகிறதே ரீச்சர், எது உண்மையான பழமைவாதம்?

முட்டத்தான் செய்கிறது, பிள்ளை. முப்பது வருடம் அரசறிவியல் படிப்பித்தவள் நான். பாடப்புத்தகம் இந்த இடத்தை ஒரே பந்தியில் கடந்து போவது எனக்கு எப்போதும் மனக்குறை.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பழமைவாதிகள் என்று ஒரே பெயரால் அழைக்கப்பட்டவர்கள் உண்மையில் இரண்டு கூட்டம். ஒரு கூட்டம் மரபைப் பிடித்தவர்கள். ரஸ்ஸல் கேர்க் 1953 இல் எழுதிய நூலோடு அவர்களுக்கு ஒரு முகம் கிடைத்தது. சமயம், குடும்பம், ஊர், முன்னோர் வைத்துவிட்டுப் போன பழக்கம் இவற்றுக்குள் வேர்விட்டு வளர்ந்தவன்தான் மனிதன். வேரைப் பிடுங்கினால் ஆளும் பட்டுப்போவான் என்பது அவர்கள் பேச்சு. மற்றக் கூட்டம் சுதந்திரத்தைப் பிடித்தவர்கள். சொத்துரிமை, சந்தை, குட்டையான அரசு. அந்தப் பக்கத்தின் பெரிய அறிஞர் ஹயெக், தான் ஏன் பழமைவாதி அல்ல என்று விளக்கி 1960 இல் தன் நூலின் பின்னுரையாகத் தனியாக ஒரு கட்டுரையே சேர்த்தார். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தது கம்யூனிசம் என்ற பொது எதிரி. 1955 இல் வில்லியம் பக்லி தொடங்கிய 'நஷனல் ரிவியூ' சஞ்சிகையில் இரண்டு பக்கத்தாரும் எழுதினார்கள், அங்கேயே சண்டையும் பிடித்தார்கள்.

அந்தச் சண்டையில் நான் மிகவும் மதிக்கும் ஆள் பிராங்க் மேயர். இளமையில் கம்யூனிஸ்ட் கட்சிக்காக உழைத்து, பிறகு அதை விட்டு வந்தவர். மனிதனை அரசு பிசைந்து நல்லவனாக்கிவிடலாம் என்ற நம்பிக்கைக்குள் இருந்து பார்த்தவர் என்பதால் அந்த நம்பிக்கையின் ஆபத்து அவருக்குத் தெரியும். 1962 இல் அவர் சொன்னதன் சாரம் இது. மனித வாழ்க்கையின் நோக்கம் அறம்தான், அதில் மரபுவாதிகள் சரி. ஆனால் கட்டாயத்தில் செய்வது அறமாகாது. தவறு செய்ய வழியிருந்தும் செய்யாதவரைத்தான் நல்லவர் என்கிறோம். ஆகவே அரசு உயிரையும் உடைமையையும் காக்கட்டும், வழக்குத் தீர்க்கட்டும், நாட்டைப் பாதுகாக்கட்டும், அதோடு நிற்கட்டும். நல்லவராக வளர்ப்பது வீட்டினதும் கோயிலினதும் ஆசிரியரினதும் வேலை.

அதே வருடம் அதே சஞ்சிகையில், பக்லியின் தங்கையைக் கட்டிய பிரென்ட் பொசெல் எதிர்த்து எழுதினார். அவருடைய வாதத்தை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: மனிதன் பலவீனன். பாதையில் கிணற்றைத் திறந்து வைத்துவிட்டு, விழாமல் போகிறவனுக்குத்தான் மதிப்பு என்று சொல்வது என்ன அன்பு? நல்வழியில் நடப்பதை இலகுவாக்கத்தானே ஊரும் சட்டமும் இருக்கின்றன? சுதந்திரத்தையும் மரபையும் ஒன்றாகச் சேர்த்த மேயரின் கொள்கைக்கு 'இணைப்பு' என்ற பெயர் எதிர்ப்பக்கத்திலிருந்து குறையாக வந்ததுதான், ஆனால் அதுவே நிலைத்துவிட்டது. 1981 இல் ஜனாதிபதி ரீகன் ஒரு பழமைவாதிகள் மாநாட்டில் மேயரின் பெயரைச் சொல்லியே நன்றி பாராட்டினார்.

எங்களுக்கு இந்த வாதம் புதிதில்லை. "சிறைகாக்கும் காப்புஎவன் செய்யும்" என்று வள்ளுவர் எப்போதோ கேட்டுவிட்டார். பூட்டி வைத்துக் காக்கும் காவலால் என்ன பயன், மனம் தன்னைத் தானே காப்பதே தலையான காவல் என்கிறார். குறள் பெண்ணை வைத்துத்தான் பேசுகிறது. நான் வகுப்பில் அதை ஆணுக்கும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தேன்.

ஆனாலும் மேயர் முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன். 2009 இல் முகாமில் இருந்தோம். தண்ணீர் வரிசை தறப்பாள் கொட்டில்களைச் சுற்றி வளைந்து போகும். வகுப்பில் நான் அடிக்கடி வெளியே நிறுத்திய பெடியன் ஒருவன் எனக்கு முன்னால் நின்றான். இரண்டு மணித்தியாலம் நின்று அவனுடைய முறை வந்தபோது, பின்னால் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்கு இடத்தைக் கொடுத்துவிட்டு, தன் கானைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனான். யாரும் அவனிடம் கேட்கவில்லை. அன்றைக்குப் பின்னேரம் அவனிடம் ஏன் என்று கேட்டேன். "அம்மம்மா இருந்தா பேசியிருப்பா, ரீச்சர்" என்றான். அவனுடைய அம்மம்மா அந்த வருடம் மாசி மாதம் இடம்பெயர்ந்த வழியில் இறந்துபோனவர்.

அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால்தான் அந்தச் செயலை இத்தனை வருடம் கழித்தும் நினைக்கிறேன். அந்த அளவில் மேயர் சரி. ஆனால் அந்த அம்மம்மா இல்லாவிட்டால் அவனுக்கு அப்படிச் செய்யத் தோன்றியே இருக்காது. அந்த அளவில் கேர்க் சரி. பரீட்சையில் இரண்டும் முட்டுகிறது என்றே துணிந்து எழுதுங்கள், பிள்ளை. முட்டவில்லை என்று பூசி மெழுகினால்தான் பிழை.

ஒட்டுசுட்டானிலிருந்து ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர்: பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து எழுதிய எட்மண்ட் பேர்க்கைச் சுதந்திரத்தின் நண்பர் என்று எப்படிச் சொல்வது?

ஐயா, 1790 இல் பிரான்சைப் பற்றி எழுதியதை மட்டும் வாசித்தால் அப்படித்தான் தோன்றும். அதற்குப் பதினைந்து வருடம் முன்னதாக, அமெரிக்கக் குடியேற்றங்களோடு சமாதானமாகப் போங்கள் என்று பிரித்தானியப் பாராளுமன்றத்தில் மன்றாடியவரும் அவர்தான். அயர்லாந்துக் கத்தோலிக்கர் மேல் இருந்த தடைகளை நீக்கச் சொன்னார். இந்தியாவில் செய்த கொடுமைகளுக்காக வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது குற்றம் சாட்டி, 1788 முதல் 1795 வரை நீண்ட அந்த விசாரணையை முன்னின்று நடத்தினார். ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார் என்பது வேறு கதை. பேர்க் பயந்தது சுதந்திரத்துக்கு அல்ல, எல்லாவற்றையும் ஒரே இரவில் இடித்துவிட்டு வெறும் தரையில் கட்டலாம் என்ற எண்ணத்துக்கு. வெறும் தரைக்குத் திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்கிய எங்களுக்கு அந்தப் பயம் விளங்காமல் போகுமா?

துணுக்காயிலிருந்து இரண்டு பிள்ளைகளின் தகப்பன்: எங்கள் சந்திக்கு அருகில் மதுக்கடை வரப்போகிறது என்று கதை. நாங்கள் சேர்ந்து எதிர்க்கிறோம். ஒரு படித்த தம்பி "குடிப்பதும் குடிக்காததும் அவரவர் சுதந்திரம், ஊர் யார் தடுக்க" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தத் தம்பி சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்ளுங்கள். வளர்ந்த ஒருவர் தன் வீட்டில் இருந்து குடிப்பதைச் சட்டத்தால் ஒழிக்க முடியாது. அமெரிக்கா 1920 முதல் 1933 வரை அதை முயன்று பார்த்தது. கள்ளச் சாராயமும் கடத்தல்காரரும் வளர்ந்தார்கள், கடைசியில் அரசியலமைப்பையே திரும்பத் திருத்த வேண்டி வந்தது. எங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கடை தூரமான ஊர்களில் பற்றைக்குள் கசிப்புக் காய்ச்சுவதைப் பார்த்தவர்கள்தானே நாங்கள்.

ஆனால் கடை எங்கே இருக்க வேண்டும் என்பது தனி ஒருவரின் சுதந்திரம் இல்லை. சந்தி எல்லோருக்கும் உரியது. பாடசாலைப் பிள்ளைகள் நடக்கும் வழியில், நாட்கூலி வாங்கிக்கொண்டு வருகிறவனின் கண்ணுக்கு முன்னால் கடை வேண்டாம் என்று கேட்க ஊருக்கு உரிமை உண்டு. அரசின் கை குட்டையாக இருக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பேசிய ரீகனே 1984 இல், குடிக்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு வீதிப் பணத்தில் ஒரு பங்கு குறைக்கப்படும் என்ற சட்டத்தில் கையெழுத்து வைத்தார். முதலில் தயங்கினார். இளம் பிள்ளைகள் குடித்துவிட்டு வாகனம் ஓட்டிச் சாவதும், மற்றவர்களைக் கொல்வதும் அவருடைய மனதை மாற்றியது. தன் கொள்கையை விட்டுவிட்டார் என்று சிலர் குறை சொன்னார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. சாவது வேறு ஆளாக இருக்கும்போது 'என் சுதந்திரம்' என்ற சொல்லின் பாரம் குறைந்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒழுக்கம் என்று சொல்லும்போது அந்தச் சுமையை யார் தலையில் வைக்கிறோம்? இந்த நாட்டில் பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்று 1979 இல் ஒரு விதி வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அதை நீக்கினார், சில நாட்களுக்குள் ஜனாதிபதி அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் ஊர்களில் குடித்துவிட்டு வீட்டுச் சாமானை உடைப்பது யார் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குடிக்கிறவனை விட்டுவிட்டுக் குடிக்காதவளுக்குத் தடை போட்டால் அது ஒழுக்கத்தைக் காப்பதாகாது.

என் அக்காவின் கணவர் நன்றாகக் குடித்தவர். மீள்குடியேறி வந்த பிறகு கமத்தையும் கவனிக்கவில்லை, பிள்ளைகளையும் கவனிக்கவில்லை. பொலிஸ் இரண்டு முறை பிடித்தது, மாற்றமில்லை. அக்கா கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தார், அதற்கும் மாற்றமில்லை. எங்கள் வாய்க்காலில் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையார் ஒருநாள் வந்து, "சிறுபோகத்துக்கு விடிய நாலு மணிக்குத் துருசு திறக்க ஆளில்லை, நீங்கள்தான் பொறுப்பு" என்று திறப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். குடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் கிழமை இரண்டு நாள் பிந்தினார். கடைவாய்க்கால்காரர்கள் நேரே வீட்டுக்கு வந்து பேசினார்கள். அவர்களுடைய பயிர் இவர் எழும்புவதில் தங்கியிருந்தது. அந்தச் சிறுபோகம் முடியும்போது இரவுக் குடி நின்றிருந்தது. முழுக்க நிற்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் திரும்பக் கிடைத்தார். சட்டமும் செய்யாத, 'அவரவர் விருப்பம்' என்று விட்டிருந்தாலும் நடந்திராத ஒரு காரியம் அது. கடைக்கு எதிராகச் சேர்ந்த அதே ஆட்கள், ஏற்கெனவே குடிக்கிற நாலு பேரின் வீட்டுக்கும் ஒருமுறை போங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய்: என் பெற்றோர் எனக்குச் சீதனமாக எழுதித் தந்த காணியில் ஒரு பகுதியை விற்று மகளைப் படிப்பிக்க விரும்புகிறேன். கணவரை 2009 வைகாசியிலிருந்து காணவில்லை. கணவரின் கையெழுத்து இல்லாமல் எழுத முடியாது என்கிறார்கள். என்னுடைய காணிக்கு நான் யாரிடம் அனுமதி கேட்பது? இதுதான் எங்கள் மரபா?

தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முதலில் காரியத்தைச் சொல்கிறேன்.

காணி உங்கள் பெயரில் உறுதி எழுதிய காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியா என்று பாருங்கள். பெர்மிட் என்றால் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்தான் பேசும். அதை விற்பதற்கு அரச அனுமதி வேண்டும், பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். சீதன உறுதி என்று நீங்கள் எழுதியிருப்பதால் வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை என்றே எடுத்துக்கொள்கிறேன். 1911 இல் வந்த, யாழ்ப்பாணத் திருமண உரிமைகளையும் வழியுரிமையையும் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி, திருமணமான பெண் தன் அசையாச் சொத்தை உயிரோடிருக்கும்போது கைமாற்ற, கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. ஆனால் அதே சட்டத்தில் ஒரு வழியும் இருக்கிறது. கணவர் கைவிட்டுப் போயிருந்தால், அவர் இருக்குமிடம் தெரியாவிட்டால், அல்லது நியாயமில்லாமல் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதம் இல்லாமலே கைமாற்ற அனுமதி தரலாம். உங்கள் நிலைமை அதற்குள் வருகிறது. சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேளுங்கள், வசதியில்லாதவர்களுக்கு அவர்கள் வழக்குப் பேசித் தருவார்கள். இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமல், காணவில்லை என்பதை மட்டும் பதிகிற சான்றிதழ் ஒன்றை எடுக்கவும் 2016 இலிருந்து வழியிருக்கிறது. அதை எடுப்பதா இல்லையா என்பது உங்கள் மனம். எடுக்க மனம் வராத பல பேரை எனக்குத் தெரியும், அவர்களை நான் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை.

இனி மரபைப் பற்றி. நான் மரபை நேசிக்கிறவள். அதனால்தான் இந்தக் கேள்வி எனக்கு நோகிறது.

தேசவழமையை 1706 இல் ஒல்லாந்தரின் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எழுதித் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் அதைச் சரிபார்த்தார்கள். அதில் முன்னோரிடமிருந்து வந்த முதுசம், மகளுக்குக் கொடுக்கும் சீதனம், திருமணத்துக்குப் பின் தேடிய தேடியதேட்டம் என்று சொத்துகள் தனித்தனியே பிரிந்து நிற்கும். மகளுக்குக் கொடுத்த சீதனம் மகளுடையது, கணவனுடையதாகிவிடாது. இங்கிலாந்தில் திருமணமான பெண் தன் பெயரில் தனிச் சொத்து வைத்திருக்க முழு உரிமை பெற 1882 வரை பொறுத்திருந்தாள். எங்கள் வழமையில் அதற்கு வெகுகாலம் முன்பே அவளுக்குக் காணி இருந்தது. தாயிடமிருந்து மகளுக்கு, அங்கிருந்து பேத்திக்கு என்று காணி போன குடும்பங்கள் எத்தனை! இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிரும்.

அதே வழமையில்தான் அவள் அந்தக் காணியை விற்கக் கணவன் கையெழுத்து வேண்டும் என்ற முடிச்சும் இருக்கிறது. அவன் தன் சொத்தை விற்க அவளுடைய கையெழுத்து வேண்டியதில்லை. மரபு என்று இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தந்தால் நான் வாங்க மாட்டேன். பெண்ணுக்கு அடி நிலம் இருக்க வேண்டும் என்பது அந்த வழமையின் உயிர். கையெழுத்து, அந்த உயிருக்குக் காவல் என்று எண்ணி வைத்த வேலி. தம்பதிகள் சேர்ந்து முடிவெடுக்கட்டும் என்ற நல்லெண்ணமும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் காவலுக்கு நின்றவரே காணாமல் போய், வேலி மட்டும் நின்று உள்ளே இருப்பவளை வெளியே விடாமல் மறிக்கிறது என்றால் அந்த வேலியை நகர்த்த வேண்டும். மாற வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை என்று பேர்க் எழுதியிருக்கிறார். பழமைவாதி சொன்னது அது, புரட்சிக்காரர் சொன்னதில்லை.

மாற்றினால் எல்லாம் சரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். பெர்மிட் காணிகளில், உரித்தாளர் பெயர் குறிக்காமல் இறந்தால் ஆண் வாரிசுக்கே முதலிடம் என்றுதான் நெடுங்காலம் இருந்தது. 2022 இல் அதைத் திருத்தினார்கள். எங்கள் வட்டக்கச்சியில் எந்தக் குடும்பமும் அதனால் உடையவில்லை. என் பக்கத்து வீட்டு மூத்த மகள் இப்போது தகப்பனுடைய மூன்று ஏக்கரையும் தானே நின்று விதைக்கிறாள்.

அந்தப் பெர்மிட் சட்டம் காணியை நினைத்தபடி விற்க விடாததையும் சும்மா தள்ளிவிட மாட்டேன். நுண்கடன் கிழமைக் கிழமை வாசலுக்கு வந்த வருடங்களில், விற்க முடிந்திருந்தால் எத்தனை குடும்பம் காணியையும் இழந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அங்கே தடை காப்பாற்றியது. உங்கள் விடயத்தில் தடை கழுத்தைப் பிடிக்கிறது. ஆகவே தடையென்றாலே கெடுதி என்றும் சொல்ல முடியாது, பழையது என்றாலே நல்லது என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடையையும் கையில் எடுத்து, இது யாரைக் காக்கிறது, யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்க்கத்தான் வேண்டும்.

முழுவதையும் விற்காதீர்கள், தங்கச்சி. கிணறு இருக்கும் பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். மகளின் படிப்புக்கு என் வாழ்த்து.

நெடுங்கேணிப் பக்கமிருந்து ஓர் இளைஞர்: எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒரு தெரு ஆட்களுக்கு மட்டும் உபயம் (திருவிழாவில் ஒரு நாளை ஏற்று நடத்தும் உரிமை) கொடுப்பதில்லை. கேட்டால் ஒருவர் "இது வழமை" என்கிறார், இன்னொருவர் "கோயில் எங்கள் பரிபாலனம், யாருக்குக் கொடுப்பது என்பது எங்கள் சுதந்திரம்" என்கிறார். இரண்டு வாதத்துக்கும் எப்படிப் பதில் சொல்வது?

தம்பி, இரண்டு வாதமும் ஒரே வாசலில் ஒன்றாக வந்து நிற்பதைக் கவனித்தீர்களா? நான் இந்தப் பாடத்தில் அதிகம் யோசித்த இடம் இதுதான்.

1964 இல் அமெரிக்காவில் இன ஒதுக்கலைத் தடுக்கும் குடியியல் உரிமைச் சட்டம் வந்தபோது செனட்டர் பரி கோல்ட்வோட்டர் எதிர்த்து வாக்களித்தார். அவர் இனவெறியர் இல்லை. தன் மாநிலத்து விமானக் காவற்படையில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்திருக்க முன்னின்றவர். ஆனாலும் தனியார் கடைக்குள் யாரை விடுவது என்று மத்திய அரசு கட்டளையிடக் கூடாது, அது சுதந்திரத்துக்கு எதிரானது என்றார். தெற்கே வேறு சிலர் தங்கள் வாழ்க்கை முறை, மரபு என்றார்கள். சுதந்திரம் பேசியவரும் மரபு பேசியவரும் அன்றைக்கு ஒரே பக்கம் நின்றார்கள். வாசலுக்கு வெளியே நின்றவரை இரண்டு பேரும் கேட்கவில்லை.

எங்களிடமும் அதே கதை. வவுனியாத் தொகுதியை 1947 இல் வென்றவர் சுந்தரலிங்கம். பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர், பெரிய மூளை. இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமை விடயத்தில் அமைச்சர் பதவியையே விட்டவர். அப்படிப்பட்டவர் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே வரக் கூடாது என்று மறித்து நின்றார். சாதியைச் சொல்லி மறிப்பதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இலேயே வந்திருந்தது, அதன் கீழ் அவர் வழக்கையும் எதிர்கொண்டார். ஒருவருடைய உரிமைக்காகப் பதவியை விட்ட மனிதர், இன்னொருவருடைய வழிபாட்டை மறிக்க வெயிலில் நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறாது.

பரிபாலன சபைக்குச் சுதந்திரம் உண்டு. பூசை நேரம், கணக்கு, யார் ஐயர் என்பதெல்லாம் அவர்கள் முடிவு செய்யட்டும். பிரதேச செயலாளர் வந்து அதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் ஊர்க் கோயில் என்று பெயர் சொல்லி, அந்தத் தெருவிலும் கட்டடநிதிக்குத் துண்டு கொடுத்துக் காசு வாங்கினீர்களா இல்லையா என்று கேளுங்கள். வாங்கியிருந்தால் அது அவர்களுடைய கோயிலும்தான்.

வழமை என்கிறவருக்கு: வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குப் போகாதவர் உங்கள் ஊரில் இருக்க மாட்டார். உப்பு நீரில் விளக்கெரிவதைப் பார்க்க நந்திக்கடல் ஓரம் அலைமோதும் சனத்தில், பக்கத்தில் நிற்பவர் எந்தத் தெரு என்று யார் கேட்கிறார்கள்? அதுவும் வழமைதான், உங்கள் உபயப் பட்டியலை விடப் பழைய வழமை.

சட்டம் இருக்கிறது, தேவைப்பட்டால் போகலாம். அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். உபயம் வைத்திருக்கும் குடும்பங்களில் ஒன்று, தன் நாளை அந்தத் தெருவோடு சேர்ந்து செய்யட்டும். ஒரு குடும்பம் போதும். உங்கள் குடும்பத்துக்கு உபயம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் உங்கள் அப்பாவிடமிருந்தே தொடங்குங்கள்.

பரந்தனிலிருந்து ஒரு தாய்: 23 வயது மகள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. ஸ்கூட்டி வாங்கியிருக்கிறாள். ஓவர்டைம் என்றால் வீட்டுக்கு வர இரவு ஒன்பது ஆகிறது. சொந்தக்காரர் கண்டபடி கதைக்கிறார்கள். நான் கண்டிப்பாக இருக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?

அம்மா, அவள் பிழை ஏதும் செய்ததாக நீங்கள் எழுதவில்லை. உழைக்கிறாள், நேரே வீட்டுக்கு வருகிறாள். பிறகு எதற்குக் கண்டிப்பு?

கதைக்கிற சொந்தக்காரரிடம், அந்த உள்வீதியில் விளக்கில்லை, பிரதேச சபைக்கு ஒரு மனு எழுதுவோம், நீங்களும் கையெழுத்து வையுங்கள் என்று கேளுங்கள். கட்டாக்காலி மாடுகள் இரவில் வீதியில் படுத்துக் கிடக்கும், ஸ்கூட்டிக்கு அதுதான் பெரிய ஆபத்து. மாட்டுக்காரர் யாரென்று ஊருக்குத் தெரியும், கட்டச் சொல்லுங்கள். அவளுடைய நல்லதுக்கு என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் செய்யட்டும்.

1978 இல் நான் யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போனபோது எங்கள் வீட்டிலும் இதே பேச்சு வந்தது. அப்பாவுக்கு விருப்பமில்லை. பெரியப்பா நேரே வந்து, பெண்பிள்ளையைத் தனியே அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்றார். அம்மா குசினிக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டார், ஒன்றும் பேசவில்லை. நான் புறப்பட்ட அன்று விடிய ஐந்து மணிக்கு, கிளிநொச்சிச் சந்தி மட்டும் கூடவே நடந்து வந்து பஸ் ஏற்றிவிட்டார். கையில் ஒரு ரோச் லைற் தந்தார், முட்டை விற்ற காசில் வாங்கியது. அதன் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் நான் வீட்டுக்கு வரும்போது, எங்கே போனாய், யாரோடு போனாய் என்று அம்மா கேட்கவில்லை. பையைத் திறந்து ரோச்சை எடுத்துப் பற்றரியைப் பார்ப்பார். தேய்ந்திருந்தால் மாற்றித் தருவார்.